செம்பு போகாது

எங்கள் ஆலையில் உருக்குக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மஞ்சள் பலகை உண்டு. "எஃகை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறையாது" என்று எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வரியைப் படித்துவிட்டு உள்ளே போவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மரம் மக்கிவிடும், காகிதம் சில சுற்றில் நைந்துவிடும், இரும்பு மட்டும் பிறந்துகொண்டே இருக்கும், அந்தப் பிறப்பு நம் கையில் நடக்கிறது என்ற பெருமை. ஒரு இரவு ஷிஃப்டுக்குப் பிறகு அந்தப் பலகையை நிமிர்ந்து பார்ப்பது கடினமாகிவிட்டது. பலகையில் இருப்பது பொய் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு பாதிதான் எழுதியிருக்கிறது. மீதிப் பாதியை யாரும் எழுதவில்லை என்பது வருடக்கணக்காக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்களுடையது கட்டுமானக் கம்பி செய்யும் மினி மில். மினி மில் என்றால் சின்ன ஆலை என்று பலரும் நினைக்கிறார்கள். அளவை வைத்து வந்த பெயர்தான், ஆனால் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய ஆலை தாதுவிலிருந்து தொடங்குகிறது. கோக் அடுப்பு, ஊதுலை என்று அதற்கு ஒரு ஊரே வேண்டும். மினி மில்லுக்குச் சுரங்கம் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை எஃகாக வாழ்ந்து முடித்ததுதான் அதன் தாது. 1969-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், டார்லிங்டன் என்ற இடத்தில், கென் ஐவர்சன் தலைமையிலிருந்த நியூகோர் நிறுவனம் மின் உலை ஒன்றை நிறுவியது. கூரைகளைத் தாங்கும் எஃகு விட்டங்கள் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். விட்டத்துக்குத் தேவையான கம்பியையும் கோண இரும்பையும் வெளியே வாங்குவதற்குப் பதிலாகத் தாங்களே செய்துகொள்ளலாமே என்று இறங்கினார்கள். தகடு செய்யும் அளவுக்கு அவர்கள் வர இருபது வருடம் பிடித்தது. கிராஃபோர்ட்ஸ்வில் ஆலை தகடு உருட்டத் தொடங்கியது 1989-இல்தான். ஏன் கம்பியில் தொடங்கினார்கள்? முதலீடு குறைவு, சந்தை பக்கத்தில் என்று பல காரணங்கள் சொல்வார்கள், எல்லாமே உண்மை. நான் முதலில் வைக்கும் காரணம் இன்னொன்று: கம்பி மன்னிக்கும். பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கையெல்லாம் தாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்யும் பொருள், எஃகுக் குடும்பத்திலேயே கம்பிதான்.

அந்த மன்னிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்று எனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று வாசல்கள்

ஆர்க் ஃபர்னஸ் என்னும் மின்வில் உலையின் முன் ஒருமுறை நின்றவர்களுக்கு அதன் சத்தம் மறக்காது. மூடி ஒருபுறமாக விலகும், கிரேன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அடிப்பக்கத்தைத் திறக்கும், முப்பது டன் இரும்பு மொத்தமாக உள்ளே விழும். மூடி திரும்பவும் உட்கார்ந்ததும் மூன்று கிராஃபைட் எலக்ட்ரோடுகள் இறங்கி இரும்பைத் தொடுகிற கணத்தில், இடி கூடத்துக்குள்ளேயே விழுவதுபோல இருக்கும். முதல் சில நிமிடங்கள் வில் அலறும், அறுந்து அறுந்து பிடிக்கும். எலக்ட்ரோடுகள் குவியலில் துளைபோட்டு இறங்கி, கீழே ஒரு குளம் தேங்கிய பிறகுதான் சத்தம் அடங்கும். அதன்பின் ஆக்சிஜனும் கரியும் செலுத்தி, உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடை நுரைக்க வைப்போம். நுரைக்கசடு வில்லைப் போர்த்திக்கொண்டால் சத்தம் ஒரு முனகலாக மாறிவிடும், வெப்பம் சுவருக்குப் போகாமல் இரும்புக்குள் போகும். உலையை இயக்கும் நல்ல மெல்டருக்கு மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், காதே போதும். டன்னுக்கு 400 யூனிட் அளவில் மின்சாரம், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், 1,600 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே வெப்பம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு முன்பு படுக்கைச் சட்டமாகவும் கப்பலின் வயிற்றுத் தகடாகவும் கார் கதவாகவும் இருந்தவை, பிரித்துச் சொல்ல முடியாத ஒரே திரவமாகிவிடும்.

புதிதாக வரும் பயிற்சிப் பொறியாளர்களிடம் நான் சொல்வது இது. இந்த உலைக்கு மூன்று வாசல்கள். ஒன்று மேலே, புகை போகும் வாசல். இரண்டாவது பக்கவாட்டில், கசடு வழியும் வாசல். மூன்றாவது கீழே, எஃகு இறங்கும் வாசல். உள்ளே வரும் ஒவ்வொரு தனிமமும் தனக்கென ஒரு வாசலைத் தேர்ந்துகொள்கிறது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே கால்வனைஸ் தகட்டின் பூச்சு முழுக்கப் புகையோடு மேலே போகும். டன்னுக்குப் பத்திருபது கிலோ தூசியாக வடிகட்டிப் பைகளில் சேரும். அதிலிருந்து துத்தநாகத்தை மீட்பதற்கென்றே தனி உலைகள் இருக்கின்றன. அலுமினியம், சிலிக்கன், டைட்டானியம் எல்லாம் ஆக்சிஜனைக் கண்டதும் இரும்பை விட்டுவிட்டு ஓடும். ஆக்சைடாகிச் சுண்ணாம்போடு சேர்ந்து கசடு வாசலில் வெளியேறும். பாஸ்பரஸைக் கொஞ்சம் வற்புறுத்திக் கசடில் பிடித்துவிடலாம். மாங்கனீசும் குரோமியமும் பாதி இங்கே, பாதி அங்கே.

செம்பு எந்த வாசலிலும் தனியாகப் போகாது. ஆக்சிஜன்மேல் இரும்புக்கு இருக்கும் ஆசைகூடச் செம்புக்கு இல்லை. உலைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் ஊதினாலும் முதலில் எரிவது இரும்புதான். செம்பை எரித்து வெளியேற்ற வேண்டுமானால் அதற்கு முன் உலையில் உள்ள இரும்பு முழுவதையும் எரித்திருக்க வேண்டும். 1,600 டிகிரியில் அது ஆவியாகும் அளவும் மிகச் சொற்பம். வெள்ளீயமும் நிக்கலும் இதே சாதிதான். ஒருமுறை திரவ இரும்பில் கரைந்துவிட்டால், அது எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் கூடவே போகும். ஆய்வுக்கூடங்களில் வெற்றிட முறை, கந்தகக் கசடு முறை என்று முயன்றிருக்கிறார்கள், இன்றுவரை எந்தக் கம்பி ஆலையும் அதை அன்றாட வழக்கமாக வைத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

புள்ளி ஐந்து இரண்டு

அந்த இரவு இரண்டாவது பக்கெட்டும் உருகி முடிந்து, முதல் சாம்பிளை எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தோம். எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ கருவியின் முடிவு மூன்று நான்கு நிமிடத்தில் திரையில் வரும். வழக்கமாக என் கண் முதலில் கார்பனுக்குப் போகும், பிறகு பாஸ்பரஸ். செம்பை ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன், எங்கள் ஸ்கிராப், அதாவது பழைய இரும்புக் கலவையில் அது 0.28 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உச்ச வரம்பு 0.40. அன்றைக்கு 0.52 என்று வந்தது. சாம்பிள் சரியில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னேன். இரண்டாவதிலும் 0.52. மூத்த மெல்டர் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். முப்பது வருடம் உலை முன்னால் நின்றவர். "தம்பி, இன்னும் எத்தனை சாம்பிள் எடுத்தாலும் அதுதான் வரும். இது கசடுல வராது. விழுந்தது விழுந்ததுதான்" என்றார்.

என்ன செய்ய முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன், அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 60 டன்னில் 0.52 சதவீதம் என்றால் 312 கிலோ செம்பு. அதைக் குறைக்க முடியாது, இரும்பைக் கூட்டத்தான் முடியும். 0.40-க்குக் கொண்டுவர மொத்தம் 78 டன் வேண்டும். அதாவது செம்பே இல்லாத இரும்பு இன்னும் 18 டன். ஸ்பாஞ்ச் அயர்ன் தாதுவிலிருந்து நேரே வருவதால் அதில் செம்பு கிடையாது என்றே சொல்லலாம். பங்கர் என்ற சேமிப்புத் தொட்டியில் அது இருந்தது, ஆனால் உலையில் மீதி இடம் 4 டன்னுக்குத்தான். போட்டோம். 0.49-இல் நின்றது. வழக்கமான அளவைவிட எவ்வளவு கூடுதல் செம்பு விழுந்திருக்கிறது என்று பிறகு பார்த்தேன். ஏறத்தாழ 144 கிலோ. 60 டன்னில் 144 கிலோ. இரண்டு பேர் எடை. கையால் தூக்கி ஓரமாக வைத்திருக்கக்கூடிய ஒரு குவியல், எந்த மின்சாரத்தாலும் எந்த ஆக்சிஜனாலும் தூக்க முடியாததாக மாறிவிட்டது. உருகும்முன் அது ஒரு பொருள், உருகிய பின் ஒரு குணம். நான் கற்ற உலோகவியல் முழுவதும் அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

லேடில் என்ற பெரிய வாளியில் இறக்கினோம், கேஸ்டர் என்ற வார்ப்பு இயந்திரத்தில் ஊற்றினோம். 130 மில்லிமீட்டர் சதுரத்தில், 12 மீட்டர் நீளத்தில் பில்லட் என்னும் எஃகுத் தண்டுகள் 38. ஷிஃப்ட் பொறுப்பாளர் அவற்றைத் தனியாக அடுக்கி, ஆறு பில்லட்டை மட்டும் உருட்டிப் பார்ப்போம் என்றார். அன்று மதியம் ரோலிங் மில்லில் நானே போய் நின்றேன்.

உருட்டாலையைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மறுசூட்டு உலையிலிருந்து மஞ்சளாக வெளிவரும் பில்லட் உருளைகள் பொருத்திய ஒவ்வொரு ஸ்டாண்டாக நுழைந்து நுழைந்து, தடிமன் குறையக் குறைய வேகம் பிடிக்கும். 12 மீட்டர் பில்லட் ஒன்றே 12 மில்லிமீட்டர் கம்பியாகும்போது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளம். கடைசி ஸ்டாண்டைத் தாண்டியதும் நீர்ப்பெட்டி. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து கடினப்படும், உள்ளே தேங்கிய சூடு மறுபடி வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். 1970-களில் பெல்ஜியத்தில் உருவான இந்த உத்தியால்தான் டி.எம்.டி. கம்பி வெளியே கெட்டியாகவும் உள்ளே வளையக்கூடியதாகவும் இருக்கிறது. சிவந்த கோடாக, ஆறவைக்கும் கூலிங் பெட்டில் வந்து விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகும்.

அன்றைக்கு வந்த கம்பிகளிலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. விலா வரிகளுக்கு இடையே, குறுக்காக, நகக்கீறல் போல மெல்லிய வெடிப்புகள். சில இடங்களில் மீன் செதில் போலத் தோல் தூக்கிக்கொண்டிருந்தது. மறுசூட்டு உலையில் 1,100 டிகிரியில் இருக்கும்போது பில்லட்டின் மேற்பரப்பு இரும்பு எரிந்து செதிலாகிறது. செம்பு எரியாது, செதிலுக்கு அடியில் ஒதுங்கிச் சேர்கிறது. அதன் உருகுநிலை 1,085. ஆக அங்கே திரவச் செம்பாலான ஒரு மெல்லிய படலம் உண்டாகி, எஃகின் நுண்படிக மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் இறங்குகிறது. உருளை அழுத்தும்போது அந்த எல்லைகளில் பிடிப்பு இருக்காது, பிளந்துகொள்கிறது. வெள்ளீயமும் கூட இருந்துவிட்டால் இன்னும் மோசம். 0.49 சதவீதம் என்பது முழுக் கம்பியின் சராசரிதான். தோலுக்கு அடியில், அது சேர்ந்து நின்ற இடத்தில், செம்பு செம்பாகவே இருந்தது.

மூன்று நாளில் காணாமல் போன அறுபது டன்

அந்த ஹீட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையில் உருக்கிய அந்த எஃகிலிருந்து, ஒரு கம்பிகூட வெளியே போகவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் திரும்பி வந்த ஒவ்வொரு டன்னையும் நான்தான் எண்ணினேன். உருட்டிய கம்பியும் உருட்டாத பில்லட்டுகளும் மொத்தமாக ஸ்கிராப் யார்டுக்கே போயின. நான் தூங்காமல் யோசித்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அந்த 60 டன்னை எப்படித் திரும்ப உலையில் போடுவது என்று திட்டம் எழுதும் வேலை என்னுடையது. ஹீட்டுக்கு ஒன்றரை டன். அப்படிப் போட்டால் ஒவ்வொரு ஹீட்டிலும் செம்பு 0.005 சதவீதம்தான் கூடும், ஸ்பெக்ட்ரோ காட்டும் எண்ணில் கடைசி இலக்கம். நாளைக்கு இருபது ஹீட் போகும் கூடத்தில் நாற்பது ஹீட்டுக்கு வேண்டியது இரண்டு நாள்தான். நடுவில் ஒரு பராமரிப்பு நிறுத்தம் வந்ததால் மூன்றாவது நாள் யார்டின் அந்த மூலை காலியாகிவிட்டது. எல்லா ஹீட்டும் வரம்புக்குள். எல்லாக் கம்பியும் சோதனையில் தேறியது. தவறு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, உலகத்தில் எந்தக் கம்பி ஆலையிலும் இதையேதான் செய்வார்கள், இன்றைக்கும் நான் வேறு மாதிரி செய்யமாட்டேன். ஆனால் அந்தக் காலி மூலையைப் பார்த்து நின்றபோது, 144 கிலோ செம்பு எங்கே என்று எனக்குத் தெரியும் என்பதுதான் நெஞ்சில் நின்றது. அது ஆயிரக்கணக்கான டன் கம்பியில் மெல்லப் பரவி, கான்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது அறுபது வருடம் கழித்து அந்தத் தூண்கள் இடிக்கப்படும்போது, வேறொரு உலையின் முன் நிற்கும் வேறொருவரிடம் அது திரும்பி வரும். கூடவே, அந்த ஐம்பது வருடத்தில் அவர்கள் சேர்த்த செம்பும் இருக்கும்.

கம்பிக்கு 0.40 வரை தாங்கும் என்றால், காரின் வெளித்தகடு போன்றவற்றுக்கு 0.06 அளவில்தான் வைக்கிறார்கள். ஆக ஒரு காரை நசுக்கி உருக்கினால் அது மீண்டும் கார் ஆவது கடினம், கம்பியாகத்தான் ஆகும். உலகத்தின் செம்பு கலந்த எஃகுக்கெல்லாம் கடைசிப் படித்துறை கம்பிதான். இதுவரை அது பிரச்சினையாகவில்லை, ஏனென்றால் தாதுவிலிருந்து வரும் புதிய எஃகு நிறைய இருக்கிறது, கட்டுமானமும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதைக் கணக்கிட்டிருந்தார்கள். நாடுகளுக்கிடையே ஸ்கிராப்பை மிகச் சரியாகப் பங்கிட்டுக் கலந்துகொண்டே போனால், 2050 வரை சமாளிக்கலாம் என்றது அந்தக் கணக்கு. அதற்குப் பிறகு கரைத்து மறைக்க இடம் போதாது. ஒவ்வொரு காரிலும் மோட்டாரும் ஒயரும் கூடிக்கொண்டே போகின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மறுசுழற்சிக்கு எதிரி அல்ல. தாது வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது, ஸ்கிராப் வழியில் அதில் ஒரு சிறு பங்குதான். என் வாழ்நாள் வேலை இது, இதைவிட நல்ல வேலை உலோகத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பலகை உறுத்துகிறது. இரும்பு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரும் என்பது சரி. தனியாக வராது என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

பெல்ட்டின் வேகம்

144 கிலோ எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு வாரம் யார்டில் நின்றேன். உருக்குக் கூடத்துக்காரர்கள் யார்டுக்குப் போவது வழக்கமில்லை. வந்து விழுவதை உருக்குவது எங்கள் வேலை என்றொரு மிதப்பு எங்களிடம் உண்டு, என்னிடமும் இருந்தது. நுழைவாயிலில் கதிர்வீச்சைக் கண்டறியும் தூண்கள் இருக்கின்றன. அவை அங்கே வந்ததற்கு ஒரு துயரக் கதை உண்டு. 1983-இல் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில், புற்றுநோய் சிகிச்சைக் கருவி ஒன்று பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதற்குள் இருந்த கதிரியக்கக் கோபால்ட்-60 குருணைகள் ஸ்கிராப்போடு கலந்து, உலைக்குப் போய், கட்டுமானக் கம்பியாகவே வெளியே வந்தன. 1984 ஜனவரியில் அந்தக் கம்பியை ஏற்றிய லாரி வழிதவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்து வாசலுக்குப் போய், அங்கிருந்த அலாரம் ஒலித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அதற்குள் கம்பி வீடுகளுக்குள் போய்விட்டது, பல நூறு கட்டடங்களை இடிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு ஆலை வாசல்களில் இந்தத் தூண்கள் வந்தன. செம்புக்கு மணியடிக்கும் வாசல் எங்கேயும் கிடையாது.

எங்கள் யார்டில் கார்களையும் வீட்டுச் சாதனங்களையும் ஷ்ரெடர் கைப்பிடி அளவுத் துண்டுகளாக அடித்து நொறுக்கும். பிறகு காந்த உருளை இரும்பை மட்டும் இழுத்து பெல்ட்டில் போடும். மோட்டாரின் ரோட்டாரும் ஸ்டேட்டரும் இங்கேதான் ஏமாற்றும். உள்ளே இரும்பு அடுக்கு, சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள். இரும்பு இருப்பதால் காந்தம் அதையும் இரும்பென்றே எடுத்துக்கொள்ளும். நசுங்கி உருண்டையாகி, மற்ற துண்டுகளோடு சேர்ந்து ஓடும். அதைக் கண்டுபிடித்து எடுப்பது பெல்ட்டின் இருபுறமும் நிற்கும் கைகள்தான். ஒப்பந்தக் கூலியில், தடித்த கையுறையோடு, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஓடும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அதில் மூத்த ஒரு அக்கா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓர் உருண்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "பார்க்கவே வேணாம் சார், பெல்ட்டுல உருளுற சத்தமே வேற" என்றார். தகடு சலசலக்கும், மோட்டார் தடதடக்குமாம். என் மெல்டர் காதால் உலையைக் கேட்பதுபோல இவர் பெல்ட்டைக் கேட்கிறார். இவர் ஒரு ஷிஃப்டில் எடுக்கும் செம்பை, தப்பவிட்டால், உலகத்தில் எந்த உலையும் எடுக்க முடியாது.

அந்த இரவு நடந்ததை அவரிடம் சொன்னேன். 144 கிலோ என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிட்டத்தட்ட இரண்டு டன் மோட்டார் தப்பியிருக்க வேண்டும் என்று நானே விளக்கினேன். "நாங்க விட்டதுதான் சார். ஆனா பெல்ட்டு முன்னாடி இப்படி ஓடலையே. போன மாசத்துலேர்ந்துதான் இந்த ஓட்டம். ஒரு உருண்டையை எடுத்து நிமிர்றதுக்குள்ள இன்னும் நாலு போயிடுது" என்றார்.

பெல்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொல்லிப் போன மாதம் ஒரு குறிப்பு போயிருந்தது. ஷ்ரெட் செய்த ஸ்கிராப் அடர்த்தியாக உட்காரும், சீக்கிரம் உருகும், மூன்றாவது பக்கெட்டைத் தவிர்க்கலாம், ஹீட்டுக்கு ஆறு நிமிடம் மிச்சமாகும் என்று அதில் கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தது. உருக்குக் கூடத்திலிருந்து போன குறிப்பு. கீழே இருந்தது என் கையெழுத்து.

மறுநாள் இன்னொரு குறிப்பு எழுதினேன். பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும், பெல்ட்டில் இன்னும் நான்கு பேர் வேண்டும், அவர்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சமும் இரைச்சலைக் குறைக்கத் தடுப்பும் வேண்டும் என்று. வேகம் உடனே குறைந்தது. வெளிச்சம் இரண்டு மாதத்தில் வந்தது. நான்கு பேர் கேட்டதற்கு இரண்டு பேர் கிடைத்தார்கள், மீதி இருவருக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும்முன் பத்து நிமிடம் பெல்ட் பக்கம் போய் நிற்கிறேன். சலசலப்புக்கு நடுவே தடதடப்பு எனக்கும் கேட்கத் தொடங்கியிருக்கிறது, ஆனால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த அக்காவின் கை அங்கே போயிருக்கும்.